எதுவானாலும் சரியாம்!

தீபாவளி முடிந்த சனிக்கிழமை இரவு வீட்டில் விருந்து. முன்கூட்டியே மெனு போட்டு, கோலாலம்பூர் சௌக்கிட் சந்தைக்கு ஒன்று, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு ஒன்று என்று சாமான் பட்டியலும் எழுதியாயிற்று. ஆட்டிறைச்சிப் பிரட்டல், இறால் சம்பல், நெய்ச்சோறு. கேட்டபோது எல்லாருக்கும் 'எதுவானாலும் சரி'தான்.

இப்போதுதான் வாட்சப்பில் ஒவ்வொருவராக வாய் திறக்கிறார்கள். அத்தை கந்த சஷ்டி விரதமாம், ஆறு நாளும் சைவம். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் வருடா வருடம் தொடங்குகிற விரதம்தானே, அன்றைக்கே சொன்னால் என்ன? மச்சானுக்கு இறால் ஒத்துக்கொள்ளாதாம். போன வருடம் சட்டியை வழித்தவர் அவர்!

சரி, தொலையட்டும் என்று முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் சேர்த்து எழுதினால், அத்தையிடமிருந்து மறுபடியும்: "வெங்காயம் போடாதேம்மா." ஐந்து கிலோ சின்ன வெங்காயம் வாங்கி ஏற்கெனவே பால்கனியில் பரப்பியிருக்கிறேன், அத்தை!