5000 லேபிளைக் குப்பையாக்கின 'இலவச' கியூஆர் கோடு

நேத்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் மதினி உக்காந்து ஸ்டிக்கர் ஒட்டினாங்க. சத்துமாவு பாக்கெட்டோட பின்பக்கம் அச்சாகியிருக்கிற கியூஆர் கோடு மேல, புதுசா அடிச்சு வாங்கின இன்னொரு கோடு. கோணலா ஒட்டினா பழைய கட்டம் ஓரத்துல எட்டிப் பார்க்கும். சுத்தி நாலு கட்டம் அளவுக்கு வெள்ளை இடம் இல்லேன்னா சில போன் படிக்கவே படிக்காது. அதனால ஒவ்வொண்ணையும் நகத்தால நிமிண்டி எடுத்து, நேரா வச்சு அழுத்தணும். மொத்தம் 5000 லேபிள். 'இலவசம்'னு பெருசா போட்டிருந்த ஒரு வெப்சைட்டை நம்பினதுக்குக் கிடைச்ச கூலி இது. வயிறு எரியுது.

மதினி கஞ்சி காய்ச்சுற விதத்தை வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டிருந்தோம். எத்தனை ஸ்பூன் மாவு, எவ்வளவு தண்ணி, கட்டி தட்டாம எப்படிக் கிண்டுறதுன்னு எல்லாம் அதுல இருக்கு. தலைப்பிள்ளைக்கு முதல் முறையா கஞ்சி காய்ச்சுற பொண்ணுங்களுக்கு அது பெரிய ஒத்தாசை. அந்த லிங்க்கை வெப்சைட்ல போட்டேன், கோடு வந்தது, டவுன்லோட் பண்ணேன். காசே கேக்கலை. வீட்டுல இருந்த அத்தனை போன்லயும் ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டுத்தான் பிரஸ்ஸுக்கு அனுப்பினேன்.

மூணாவது வாரம் தென்காசியில இருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. "அக்கா, ஸ்கேன் பண்ணா வீடியோ வரலை, இங்கிலீஷ்ல என்னமோ வருது. இது ஒரிஜினல் பாக்கெட்தானே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சைப்பிள்ளைக்குக் கொடுக்கிற பொருள். ஒரு தடவை சந்தேகம் விழுந்துட்டா அப்புறம் யார் வாங்குவா?

உள்ள போய்ப் பார்த்தா, 14 நாள் சோதனைக் காலம் முடிஞ்சிருச்சாம். கோடு மறுபடி வேலை செய்யணும்னா சந்தா கட்டணுமாம். மாசம் இவ்வளவுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அதை ஒரு வருஷத்துக்கு மொத்தமாக் கட்டணும்ங்கிறது மட்டும் அடியில பொடி எழுத்துல. அச்சடிச்சு முடிச்சு, சரக்கு கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கழுத்தைப் பிடிக்கிறதுக்குப் பேரு வியாபாரமா?

அதுக்கப்புறம்தான் ஸ்டேட்டிக், டைனமிக்னு ரெண்டு வகை இருக்கிறதே எனக்குத் தெரிஞ்சது. டீக்கடைக் கல்லாவுல ஒட்டியிருக்கிற யூபிஐ கோட்டை நினைச்சுக்கோங்க. கடைக்காரரோட யூபிஐ ஐடி அந்தக் கட்டங்களுக்குள்ளேயே இருக்கு. வெயில்ல வெளிறி, எண்ணெய்க் கறை ஏறினாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். அது ஸ்டேட்டிக். என் தலையில கட்டினது டைனமிக். அதுக்குள்ள என் வீடியோ லிங்க் இல்லவே இல்லை. அந்தக் கம்பெனியோட ஒரு குட்டி முகவரிதான் இருக்கு. ஸ்கேன் பண்றவங்க முதல்ல அவங்க சர்வருக்குப் போகணும், அவங்க மனசு வச்சாத்தான் என் வீடியோவுக்கு அனுப்புவாங்க. என் காசுல, என் பாக்கெட்ல, அவங்க வீட்டு வாசலை அச்சடிச்சு வச்சிருக்கேன்.

டைனமிக்கே கூடாதுன்னு நான் சொல்லலை. லிங்க்கை அப்புறமா மாத்தணும், எத்தனை பேர் பார்த்தாங்கன்னு எண்ணணும்னா அதுதான் சரி. அதுக்குக் காசு வாங்குறதும் நியாயம். ஆனா நான் கேட்டது அது இல்லையே! மாறாத ஒரே ஒரு லிங்க். அதுக்கு எதுக்கு உங்க சர்வர்?

இத்தனைக்கும் இதைக் கண்டுபிடிச்சவங்க யார்கிட்டயும் வாடகை கேக்கலை. 1994-ல ஜப்பான்ல டென்சோ நிறுவனத்துல மசாஹிரோ ஹாராவும் அவர் கூட இருந்தவங்களும் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கிறதுக்காக உருவாக்கினது இந்தக் கட்டம். காப்புரிமை கையில இருந்தும், யார் வேணா பயன்படுத்தட்டும்னு விட்டுட்டாங்க. அவங்க சும்மா கொடுத்ததை நடுவுல ஒருத்தன் பூட்டுப் போட்டு வச்சுக்கிட்டு சாவிக்குக் காசு கேக்கிறான்.

பிரஸ்ல டிசைன் பண்ற தம்பி ஒரு யோசனை சொன்னான். "லிங்க்கே வேண்டாம்க்கா, செய்முறையைத் தமிழ்ல டைப் பண்ணி அப்படியே கோடுக்குள்ள போட்டுருவோம்." நல்ல பையன்தான். ஆனா கம்ப்யூட்டர்ல எழுத்து பிடிக்கிற இடத்தைப் பைட்னு அளக்கிறாங்க. ஒரு இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட் போதும். நம்ம 'க'வுக்கு மூணு, 'கி'க்கு ஆறு. எவ்வளவு பெரிய கியூஆர் கோடா இருந்தாலும் 2953 பைட்டுக்கு மேல பிடிக்காது. அப்படி நிறைச்சா 177-க்கு 177 கட்டம் வரும். எங்க லேபிள்ல அதுக்கு இருந்த இடம் ரெண்டு சென்டிமீட்டர். தூசி கொட்டின மாதிரி இருந்தது, ஒரு போனும் படிக்கலை. கடைசியில யூடியூப் லிங்க்கையே நேரா ஸ்டேட்டிக்கா போட்டா 29-க்கு 29 கட்டத்துல முடிஞ்சது. பைசா செலவில்லை. முதல் நாளே இதைச் செஞ்சிருக்கலாம்ல?

பார்கோடு கதை இதைவிட மோசம். "பார்கோடு இருந்தாத்தான் பாக்கெட் பார்க்க லட்சணமா இருக்கும்"னு லேபிள் டிசைன்லயே 890-ல தொடங்குற பதிமூணு இலக்கத்தை யாரோ போட்டு விட்டிருக்காங்க. சூப்பர் மார்க்கெட்ல அண்ணாச்சி முன்னாடி பில் போடுற பொண்ணு பாக்கெட்டைக் காட்டினா, ஸ்கிரீன்ல துணி சோப்புன்னு வருது! அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். 890ங்கிறது அலங்காரம் இல்லை. பார்கோடு நம்பர் கொடுக்கிற ஜிஎஸ்1 இந்தியாங்கிற அமைப்புல பதிவு பண்ணின கம்பெனிகளுக்குக் கொடுக்கிற நம்பரோட தொடக்கம் அது. பார்கோட்டை வரையறதுக்கு இலவச சாப்ட்வேர் ஆயிரம் இருக்கு, ஆனா நம்பர் நம்மோடதா இருக்கணுமே. நம்ம குடோன்ல இருப்புக் கணக்கு வைக்க மட்டும்னா 'கோடு 128'ங்கிற பார்கோடு வகையில நம்ம இஷ்டத்துக்கு ஒரு நம்பர் போட்டுக்கலாம். அடுத்தவங்க கல்லாவுக்குப் போற பொருளுக்கு அது ஆகாது. அதுலயும் டிசைன்ல கோட்டைக் குங்குமச் சிவப்புல வேற போட்டிருந்தாங்க. லேசர் ஸ்கேனர் பாய்ச்சுறது சிவப்பு வெளிச்சம். சிவப்புக் கோடு அதுக்கு வெள்ளை மாதிரி. பத்துத் தடவை திருப்பித் திருப்பிக் காட்டின பிறகுதான் அந்தத் துணி சோப்பே வந்தது.

"கோடு வேணும்"னு போய் நிக்கிறவங்ககிட்ட "யார் படிக்கணும், எதை வச்சுப் படிக்கணும்"னு ஒரு கேள்வி கேட்டிருந்தா இதுல ஒண்ணுகூட நடந்திருக்காது. வெப்சைட்டும் கேக்கலை, டிசைன் பண்ணினவங்களும் கேக்கலை.

அச்சுக்குக் கொடுக்கப் போறவங்க ஒண்ணு பண்ணுங்க. கேமராவைக் காட்டினதும் போன்ல ஒரு முகவரி தெரியும். அதைத் தட்டாதீங்க, முதல்ல படிங்க. நீங்க கொடுத்த லிங்க் இல்லாம, கேள்வியே படாத ஏதோ ஒரு பேரு இருந்தா அந்தக் கோடு உங்களோடது இல்லை. நான் வீடியோ ஓடுதான்னு மட்டும்தான் பார்த்தேன். முகவரியைப் படிக்கலை. இன்னும் பாதிக்கு மேல பாக்கெட் அப்படியே கிடக்கு, மதினி இன்னைக்கும் விளக்கு வச்சதும் ஸ்டிக்கர் தாளை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாங்க.