லங்காஸ்டரின் 22 அங்குல வழி

இரண்டாம் உலகப் போர் விமானங்களைப் பற்றித் தமிழில் வரும் பதிவுகளை விடாமல் படிக்கிறவன் நான். பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் படத்தைப் போடுவார்கள். நான்கு இயந்திரங்கள், பத்து டன் குண்டைக்கூடத் தூக்கிப் பறந்தது, 1943இல் ஜெர்மனியின் அணைகளை உடைத்தது என்று எழுதுவார்கள். கீழே வியப்புக்குறிகள் வரிசை கட்டும். உள்ளே ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அந்த ஏழு பேரில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே இந்த நீண்ட பதிவு.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில், அதாவது பாம்பர் கமாண்டில், அந்தப் போர் முழுவதும் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573 பேர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர்! கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள், பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதினர். இவர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிரியின் கையால் சாகவில்லை. பயிற்சியிலும் விபத்திலும் போனார்கள்.

ஒருவர் முப்பது தாக்குதல்களை முடித்தால் ஓய்வு கிடைக்கும். ஓர் இரவில் நூற்றுக்கு நான்கு விமானங்கள் விழுந்தால் அது தாங்கக்கூடிய இழப்பு என்று தலைமையகம் கருதியது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் முப்பது இரவுகள் அதே விகிதம் தொடர்ந்தால், பத்துப் பேர் புறப்பட்ட இடத்தில் மூன்று பேர்கூட மிஞ்சமாட்டார்கள். பள்ளிக்கூடக் கணக்குதான் இது. அந்தப் பையன்களும் போட்டுப் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டுத்தான் மறுநாள் மாலை மறுபடி விமானத்தில் ஏறினார்கள். ஏற முடியாது என்று சொன்னவர்களின் கோப்பில் 'மன உறுதி இல்லாதவர்' என்று முத்திரை குத்தி, சட்டையில் இருந்த பறப்புச் சின்னத்தைப் பிடுங்கி வெளியே அனுப்பினார்கள். இருபத்தைந்து முறை போய்வந்து நரம்பு தளர்ந்தவனுக்கும் அதே முத்திரை விழக்கூடும். சாவைவிட அந்த முத்திரைக்கு அஞ்சியவர்கள் பலர்.

போரில் சாவு சகஜம் என்று இதைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. காரணம், லங்காஸ்டரின் மூக்குப் பகுதித் தரையில் இருந்த ஒரு திறப்பு.

விமானம் தீப்பற்றினால் முன்பகுதியில் இருந்த ஐந்து பேரும் அந்த ஒரே திறப்பின் வழியாகத்தான் குதிக்க வேண்டும். அதன் அகலம் 22 அங்குலம். வீட்டில் டேப் இருந்தால் எடுத்து அளந்து பாருங்கள். உடலில் குளிருக்காக ஆடைமேல் ஆடை, காலில் கம்பளி வைத்த கனமான காலணி, மார்பில் மாட்டிய பாராசூட் பொதி. வெளியே கும்மிருட்டு. விமானமோ சுழன்றுகொண்டு விழுகிறது. சுழற்சியின் விசை ஆளைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. இந்த நிலையில் ஐந்து பேர், ஒருவர்பின் ஒருவராக, 22 அங்குலத்துக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். விமானி கடைசி ஆள். அவர் கட்டுப்பாட்டை விட்டு எழுந்தால் மற்றவர்களுக்கு இருக்கும் நொடிகளும் போய்விடும்.

வாலில் தனியாக உட்கார்ந்த துப்பாக்கி வீரரின் நிலை இன்னும் மோசம். அந்தச் சுழல் கூண்டுக்குள் பாராசூட்டை மாட்டிக்கொண்டு உட்கார இடமில்லை. அது அவருக்குப் பின்னால், விமானத்தின் உட்சுவரில் இருக்கும். கூண்டை நேராகத் திருப்பி, முதுகுப்புறக் கதவைத் திறந்து, கையை நீட்டிப் பாராசூட்டை எடுத்து மாட்டி, கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, மல்லாந்து விழ வேண்டும். 1944 மார்ச்சில் நிக்கோலஸ் ஆல்க்மேட் என்ற வீரர் கதவைத் திறந்தபோது அவருடைய பாராசூட் எரிந்துகொண்டிருந்தது. தீயில் வேகாமல் ஒரேயடியாகச் சாகலாம் என்று 18,000 அடி உயரத்திலிருந்து வெறுமனே குதித்தார். பைன் மரக் கிளைகளும் பனியும் தாங்கியதால் பிழைத்துக்கொண்டார். இந்தக் கதையை எல்லோரும் அதிசயமாகப் பகிர்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. பாராசூட்டை ஆளுக்கு எட்டாத இடத்தில் வைத்த வடிவமைப்பைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்வதில்லை.

பின்னாளில் பெரிய இயற்பியலாளராக அறியப்பட்ட ஃப்ரீமன் டைசன், 1943இல் பத்தொன்பது வயதில் பாம்பர் கமாண்டின் ஆய்வுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். சுடப்பட்ட விமானங்களிலிருந்து எத்தனை பேர் உயிரோடு வெளியேறினார்கள் என்ற கணக்கு அந்தப் பிரிவிடம் இருந்தது. பகலில் பறந்த அமெரிக்க விமானங்களில் ஏறக்குறைய பாதிப்பேர். ஹாலிஃபாக்ஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தில் நான்கில் ஒருவர். லங்காஸ்டரில் நூற்றுக்குப் பதினைந்து பேர். ஹாலிஃபாக்ஸின் திறப்பு லங்காஸ்டருடையதைவிட இரண்டே அங்குலம் அகலம்! டைசனுடன் பணியாற்றிய ஒருவர் இந்தத் திறப்பைப் பெரிதாக்கச் சொல்லி அதிகாரிகளோடும் தயாரிப்பாளர்களோடும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார். அனுமதி வந்து வேலை நடப்பதற்குள் போரே முடிந்துவிட்டது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட லங்காஸ்டர்கள் கட்டப்பட்டன. அவற்றில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை தாக்குதல்களில் அழிந்தன. விமானம் ஒன்றுக்கு ஏழு பேர் என்று பெருக்கிப் பாருங்கள். அந்த இரண்டு அங்குலத்தின் விலை தெரியும்.

இது ஒரு தனித் தவறு என்றால் மன்னித்துவிடலாம். அப்படி இல்லை. அனுபவம் ஏற ஏறப் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்று குழுவினருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1944 வாக்கில் கணக்கு அப்படிக் காட்டவில்லை. முப்பதாவது பறப்பில் இருந்தவனும் புதியவனைப் போலவேதான் விழுந்தான். அடிவயிற்றிலிருந்துதான் அடி விழுந்தது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஜெர்மானிய இரவு விமானங்கள், மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய பீரங்கிகளோடு சத்தமில்லாமல் அடியில் வந்து, இறக்கையில் இருக்கும் எரிபொருள் தொட்டியைக் குறிவைத்துச் சுட்டன. பெரும்பாலான லங்காஸ்டர்களில் அடிவயிற்றுக்குக் கீழே பார்ப்பதற்கு வழியே இல்லை. துப்பாக்கிக் கூண்டுகளைக் கழற்றினால் வேகம் கூடும், ஆட்களும் குறைவாகச் சாவார்கள் என்று டைசனும் சகாக்களும் யோசனை சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு மிகவும் வலிப்பது இன்னொன்று. பக்கத்தில் பறந்த விமானம் திடீரென்று தீப்பிழம்பாக வெடிப்பதைக் கண்டவர்கள் தளத்துக்குத் திரும்பி வந்து சொன்னபோது, அது விமானமே அல்ல, உங்களைப் பயமுறுத்த ஜெர்மானியர்கள் வெடிக்கும் போலிக் குண்டு என்று விளக்கம் சொன்னார்கள். பலர் நம்பினார்கள். அப்படி ஒரு குண்டே ஜெர்மானியரிடம் இல்லை என்பது போருக்குப் பின் தெரிந்தது. அவர்கள் கண்ணால் பார்த்தது, அன்று மாலை தங்களோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர்களின் சாவு.

இதில் நம் ஊர்ப் பெயரும் இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையின் 35ஆவது படையணிக்கு 'மதராஸ் மாகாணம்' என்று பெயர். 97ஆவதுக்கு மலாயாக் கரையின் 'ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்' பெயர். பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் சேர்ந்த ஆட்சிப் பகுதி அது. போர் நிதி கொடுத்த குடியேற்ற நாடுகளுக்கு நன்றியாக வைத்த பெயர்கள் இவை. இரண்டு படையணிகளுமே பின்னாளில் இலக்கைக் குறித்துக் காட்ட முன்னே செல்லும் பாத்ஃபைண்டர் பிரிவில் இருந்தவை. மதராஸ் பெயர் தாங்கிய படையணியின் ஹாலிஃபாக்ஸ் ஒன்று, 1942 ஏப்ரலில் நார்வேயில் டிர்பிட்ஸ் என்ற போர்க்கப்பலைத் தாக்கப் போய், அடிபட்டு, உறைந்த ஏரியின் மேல் இறங்கியது. ஆறு பேரும் பிழைத்தார்கள். ஐவர் சுவீடனுக்கு நடந்தே தப்பினார்கள். கணுக்கால் முறிந்தவர் மட்டும் பிடிபட்டார். 1973இல் ஏரியிலிருந்து தூக்கிய அந்த விமானம் லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1943 டிசம்பர் 16 இரவில் 97ஆவது படையணிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பெர்லினுக்குப் போன லங்காஸ்டர்களில் 25ஐ எதிரி வீழ்த்தினான். மீதி திரும்பி வந்தபோது இங்கிலாந்தை மூடுபனி மூடியிருந்தது. எரிபொருள் தீர்ந்து, தரை தெரியாமல், சொந்த நாட்டு மண்ணில் இன்னும் 29 விமானங்கள் மோதி நொறுங்கின, அல்லது ஆட்கள் குதித்துக் கைவிட்டார்கள். போர்ன் தளத்திலிருந்து பறந்த 97ஆவதுக்குத்தான் அன்று பேரிழப்பு. ஓடுபாதையின் இருபுறமும் குழாய்களில் பெட்ரோலை எரித்துப் பனியை விலக்கும் ஏற்பாடு அப்போதே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. சில மைல் தள்ளி கிரேவ்லி தளத்தில், 35ஆவதின் விமானங்கள் ஒரு மாதம் முன்பே அதன் உதவியால் இறங்கியிருந்தன. போர்னில் அது இல்லை. போர் முடிவதற்குள் அந்த ஏற்பாட்டின் துணையோடு சுமார் 2,500 விமானங்கள் இறங்கின என்கிறார்கள். உயிர் காக்கும் பொருள் எப்போதும் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. குண்டு மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டது.

இவ்வளவையும் ஒரு நண்பரிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், சிறுவயதில் பாதியைப் பங்கருக்குள் கழித்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, எங்களுக்குக் கிபிரின் சத்தம் தெரியும். அதை ஓட்டியவனுக்காக என்னால் அழ முடியாது" என்றார். கிபிர் என்பது இலங்கை விமானப்படை குண்டு வீசப் பயன்படுத்திய ஜெட் விமானம். அதற்குப் பதிலே கிடையாது. அவர் அழ வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரத்தில் தெருக்களே தீப்புயலாகி, முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெந்தும் மூச்சுத்திணறியும் இறந்தார்கள். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் சுமார் 25,000 பேர். அந்தக் குண்டுகளைக் கீழே விட்ட விரல்கள் இந்தப் பையன்களுடையவைதான். அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் இரவில் இலக்கைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது 1941லேயே தெரிந்துவிட்டது. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள்ளாவது போயிருந்தது என்று அரசின் அறிக்கையே சொன்னது. அப்போது செய்திருக்க வேண்டியது என்ன? நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். 1942 பிப்ரவரியில் வந்த ஆணையோ, மக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின் மன உறுதியையே குறிவை என்றது. அடுத்த ஆண்டு தளபதி ஆர்தர் ஹாரிஸ், பெர்லினை அழிக்க நமக்கு 400, 500 விமானங்கள் செலவாகும், ஜெர்மனிக்குப் போரே செலவாகும் என்று சர்ச்சிலுக்கு எழுதினார். ஆயிரத்துக்கும் மேல் போயின. ஜெர்மனி சரணடையவில்லை. 1944 மார்ச் 30 இரவில் நிலா வெளிச்சத்தில் நூரம்பெர்க்குக்கு 795 விமானங்களை அனுப்பி 95ஐ இழந்தார்கள். 1940இல் நடந்த பிரிட்டன் வான்சண்டையில் மாதக்கணக்கில் இறந்த போர் விமானிகளின் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய சமமானவர்கள் அந்த ஒரே இரவில் செத்தார்கள். ஹாம்பர்க் தாயையும் பிள்ளையையும் 'மன உறுதி' என்று எழுதிய அதே பேரேட்டில்தான் இந்தப் பையன்கள் 'நூற்றுக்கு நான்கு' என்று எழுதப்பட்டார்கள். இரண்டு பதிவையும் எழுதிய கை ஒன்று. என் கோபம் அந்தக் கையின்மேல்.

போர் முடிந்ததும் அவர்களை ஒளித்து வைத்தார்கள். டிரெஸ்டனுக்குப் பின் வெட்கம் வந்துவிட்டது. அந்தப் படைக்கென்று தனிப் பதக்கம் கிடையாது. பதக்க நாடாவில் குத்திக்கொள்ள ஒரு சிறு பட்டை 2013இல் கொடுத்தார்கள். பெரும்பாலோர் அதற்குள் இறந்திருந்தார்கள். 2012இல் லண்டன் கிரீன் பார்க்கில் நினைவுச்சின்னம் திறந்தார்கள். ஏழு வெண்கல உருவங்கள், கம்பீரமாக, வானத்தைப் பார்த்தபடி. அந்த மண்டபத்தின் கூரையில், 1944 மே மாதம் பெல்ஜியத்தில் விழுந்த கனடியப் படையணியின் ஹாலிஃபாக்ஸ் ஒன்றிலிருந்து எடுத்த அலுமினியம் இருக்கிறது. சேற்றில் புதைந்த அந்த விமானத்தை 1997இல் தோண்டியபோது, வெளியேற முடியாமல் போன மூவரின் எச்சங்கள் உள்ளேயே கிடந்தன.

அங்கே வீரம், தியாகம் என்று நிறையப் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் அந்தச் சுவரில் 22 அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, குழந்தைகளும் பெரியவர்களும் அதற்குள் நுழைந்து பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பக்கத்தில் இரண்டே வரி போதும்: வீழ்த்தப்பட்ட லங்காஸ்டர்களிலிருந்து நூறு பேரில் பதினைந்து பேர்தான் தப்பினார்கள், இந்தத் திறப்பைப் பெரிதாக்கச் சொன்ன கோரிக்கை போர் முடியும்வரை நிறைவேறவில்லை.