பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். குடிவந்த அன்று வீடு முழுக்கப் புது பெயிண்ட் வாசனை. "உங்களுக்காகவே அடிச்சேம்மா" என்றார் வீட்டுக்காரர். எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்று அந்த பெயிண்டை நினைத்தால் கோபம் கோபமாக வருகிறது.

ஐப்பசி மழை பிடித்ததும் படுக்கையறையில் ஒரு வாடை. நனைந்து காய்ந்த பழைய நோட்டைப் பிரித்தால் வருமே, அது. சாம்பிராணி போட்டேன், பீரோவுக்குள் அந்துருண்டை போட்டேன். நாலு வயது மகனுக்கு இரவானால் இருமல். கஷாயம், சிரப் எல்லாம் தாண்டி நெபுலைசர் வரைக்கும் போய்விட்டது. மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே டாக்டர் கேட்டார்: "பையன் படுக்கிற ரூம்ல எங்கயாவது ஓதம் இருக்கா?" இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே நானும் கணவரும் பீரோவை இழுத்துப் பார்த்தோம். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சைப் புள்ளிகள், கடுகு தாளிக்கும்போது தெறித்த மாதிரி. ஓரத்தில் பெயிண்ட் அப்பளம் போலப் பொரிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். புது பெயிண்ட் உரிந்து வந்தது. அடியில் இருந்த பழைய பெயிண்டின் மேலும் அதே கறுப்பு. அப்படியென்றால் எங்களுக்கு முன்பே அது அங்கே இருந்திருக்கிறது. அதன் மேலேயே அடித்து மூடியிருக்கிறார்கள்.

போட்டோ அனுப்பினேன். வீட்டுக்காரர் போன் செய்தார். "ஜன்னலைத் திறந்து வைக்கணும்மா. துணியை உள்ளேயே காயப்போடுறீங்க, அதான். முன்னாடி இருந்தவங்க ஒண்ணும் சொல்லலையே." பத்து நாள் அதை நம்பினேன். கொசு வந்தாலும் பரவாயில்லை என்று ஜன்னலைத் திறந்தே வைத்தேன். பிள்ளை இருமும்போதெல்லாம் தப்பு என் மேல்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பத்து நாளை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

எதிர் வீட்டில் வேலை செய்த கொத்தனார் அண்ணன்தான் வழி சொன்னார். சமையலறை அலுமினிய ஃபாயிலில் ஒரு முழத் துண்டை எடுத்துச் சுவரைத் துடைத்துவிட்டு நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள், இரண்டு நாள் கழித்துப் பாருங்கள் என்றார். ஃபாயிலின் வெளிப்பக்கம் நீர் பூத்திருந்தால் அது அறைக் காற்றில் இருக்கும் ஈரம். அதற்குக் காற்றோட்டம்தான் மருந்து. அங்கே வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. உள்பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்கள் ஃபாயிலைப் பிரித்தபோது வெளிப்பக்கம் காய்ந்து கிடந்தது, உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். ஃபாயில் போட்டோவைக் காட்டிய பிறகுதான் வீட்டுக்காரர் பிளம்பரை அனுப்பினார். இரண்டு டைல்ஸை உடைத்ததும் தெரிந்துவிட்டது. சுவருக்குள் போகும் பைப்பில் ஒரு எல்போ, அதாவது பைப் வளைகிற இடத்து இணைப்பு, துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், வாடகைதாரர் இருவரின் பொறுப்புகளுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பது, தேவைப்பட்டால் குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று அதன் அட்டவணையே சொல்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது மாதிரி சில்லறை வேலைகள்தான் நம்முடையவை. ஆனால் அக்ரிமென்டில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் கதை மாறும். அதனால் கையெழுத்துப் போடும் முன் ரிப்பேர் பற்றிய வரியைத் தயவுசெய்து படியுங்கள். நாங்கள் படிக்கவில்லை.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வாடகை வீட்டில் பரவியிருந்த பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். அப்பா பலமுறை புகார் செய்திருக்கிறார். வீட்டை வாடகைக்கு விட்ட அமைப்பிடமிருந்து முதலில் அவருக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா, மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். குடும்பம் வாழும் முறையைக்கூடக் குறை சொன்னார்கள். இப்போது அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கே சட்டம் வந்திருக்கிறது. படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சுத்தம் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். காய்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள், பூஞ்சைத் துகள் அறை முழுக்கப் பறக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட்டைக் கலக்கவே கூடாது. வருவது குளோரின் வாயு, நுரையீரலையே அரித்துவிடும். அப்புறம், பூஞ்சை ஊறிய பிளைவுட், மெத்தை எதையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கசிவை நிறுத்தாமல் இதையெல்லாம் எத்தனை முறை செய்தாலும் அது திரும்ப வரும்.

பைப்பை மாற்றிய மறுநாளே "பெயிண்டர அனுப்பட்டுமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம் அங்கிள், சுவர் முதலில் காயட்டும் என்றேன். பூச்சைக் கொத்திவிட்டு ஐந்து வாரமாகச் செங்கல் தெரிய விட்டிருக்கிறோம். பீரோ இப்போது ஹாலில், சுவரை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி நிற்கிறது. மகன் எங்களோடு ஹாலில்தான் படுக்கிறான். வாரத்துக்கு ஒருமுறை ஃபாயிலை ஒட்டிப் பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பிரித்தபோதும் உள்பக்கம் லேசான ஈரம் இருந்தது.