ஞாயிறு காலை ஐந்தரை மணி

ரொறன்ரோவில் அக்கா வீட்டில் நின்றபோது மருமகன் வந்து, "மாமா, சனிக்கிழமை பின்னேரம் ஒண்டும் வைக்காதேங்கோ, ஐஸ் ஹொக்கிக்கு ரிக்கெற் எடுத்திட்டன்" என்றான். எனக்குத் துளியும் விருப்பமில்லை. வெளியில் பனி. அந்த விளையாட்டில் எனக்குத் தெரிந்தது அடிபாடு மட்டும்தான். அக்காவின் முகத்துக்காகவே வெளிக்கிட்டேன்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வளர்ந்தவனுக்கு ஐஸ் என்றால் குருநகரில் மீன் பெட்டிக்குள் உடைத்துப் போடுகிற கட்டி. அங்கே 200 அடி நீளத்துக்கும் 85 அடி அகலத்துக்கும் அதுதான் தரை. பக்கத்துக்கு ஆறு பேர். பந்து இல்லை, மூன்று அங்குல அகலத்தில் ஒரு கறுப்பு றப்பர் வட்டு. பக் என்கிறார்கள். துள்ளாமல் வழுக்குவதற்காக ஆட்டத்துக்கு முதலே அதையும் உறைய வைத்து எடுக்கிறார்களாம். முதல் இருபது நிமிடமும் அது என் கண்ணில் படவில்லை. "பக்கைத் தேடாதேங்கோ மாமா, ஆக்களைப் பாருங்கோ" என்றான் அவன். அதற்குப் பிறகுதான் ஆட்டம் பிடிபட்டது. ஒருவரும் முக்கால் நிமிடத்துக்கு மேல் உள்ளே நிற்பது குறைவு. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே களைத்தவர்கள் வேலியேறி வெளியே வர, அடுத்தவர்கள் உள்ளே குதிக்கிறார்கள். அப்படியொரு ஓட்டம்.

இரண்டாம் பகுதியில் இரண்டு பேர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடிபட்டார்கள். ஒருவர் விழும்வரை நடுவர்கள் பக்கத்தில் நின்றார்கள். தண்டனை ஐந்து நிமிடம் களத்துக்கு வெளியே ஒரு பெட்டிக்குள் இருப்பது, பிறகு திரும்ப வந்து விளையாடலாம். சனம் எழும்பிக் கைதட்டியது. முன்வரிசையில் ஆறேழு வயதுப் பிள்ளை ஒன்றும் சேர்ந்து கத்தியது. இதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். உதைபந்தாட்டத்தில் கை நீட்டினால் சிவப்பு அட்டை. இங்கும் அதுதான் வேண்டும். மருமகன் ஒப்புக்கொள்ளவில்லை. வீடு வரும்வரை வாதாடினோம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இடைவேளையில் ஐஸை வழித்து, சுடுநீர் விட்டு மெழுகிக்கொண்டு ஒரு வண்டி போனது. அதைப் பார்த்தபடி அவன் தன் தகப்பனை, என் அத்தானைப் பற்றிக் கதைத்தான். சின்னப் பிள்ளைகளின் பயிற்சிக்கு ஐஸ் கிடைப்பது பெரும்பாலும் விடியப்புறத்தில். அத்தான் இரவு வேலை முடிந்து நேரே வந்து இவனை ஏற்றிக்கொண்டு போவாராம். குந்தியிருந்து ஸ்கேற் லேஸை இழுத்துக் கட்டிவிடுவாராம். இறுக்கம் காணாவிட்டால் கணுக்கால் மடங்கும். பிறகு கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே நித்திரை. அந்த விளையாட்டின் ஒரு விதியும் அவருக்குத் தெரியாது. எட்டு வருடம்.

அந்த எட்டு வருடமும் நான் இங்கிருந்து ரெலிபோனில் கேட்டது இதுதான்: "பெடியனை மிருதங்கத்துக்கு விடாமல் ஏன் இதுக்கு விடுறியள்?" அக்கா கதையை மாற்றிவிடுவா. அன்றிரவு அத்தானிடமே கேட்டேன். "அவனுக்கு விருப்பம். வேற என்ன?" என்றார்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு நாங்கள் இங்கிருந்து பிடிக்கிற அளவுகோல் பிழை. தமிழும் தேவாரமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்றிரவு முழுக்க அவன் என்னோடு தமிழில்தான் கதைத்தான். ஆனால் அவன் உயிரைக் கொடுத்து நேசிப்பதை "வெள்ளைக்காரன்ர விளையாட்டு" என்று தள்ள எங்களுக்கு என்ன உரிமை? யாழ்ப்பாணத்தின் இரண்டு கல்லூரிகள் மோதுகிற எங்கள் வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியபோது கிரிக்கெற் யாருடைய விளையாட்டு? அங்கே ஒருவர் மூன்று கோல் அடித்தால் சனம் தொப்பியைக் கழற்றி ஐஸில் எறியும். அந்த 'ஹட்ரிக்' கிரிக்கெற்றிலிருந்து போன சொல் என்று சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன்.

அவனுடைய மேப்பிள் லீவ்ஸ் அணி 1967க்குப் பிறகு ஐஸ் ஹொக்கியின் பெரிய கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றதில்லை. அன்றும் தோற்றது. சனம் கலைந்த பிறகும் அவன் கதிரையை விட்டு எழும்பவில்லை. நானும் பக்கத்திலேயே இருந்தேன்.

பனிக்காலத்தில் அங்கே சனி இரவு ஏழு மணி என்றால் இங்கே ஞாயிறு காலை ஐந்தரை. இப்போது அந்த நேரத்துக்கு எழும்பித் தேத்தண்ணியோடு போனை வைத்துக்கொண்டு இருக்கிறேன். கோல் விழ விழ அவன் வட்ஸ்அப்பில் எழுதுவான். போன கிழமை நான்தான் முதலில் எழுதினேன்: "இண்டைக்கு ஆர் கோல் காப்பாளர்?"