சிங்கப்பூரின் தேக்கா (லிட்டில் இந்தியா) கலவரத்தில் கடைகள் சூறையாடப்பட்டனவா?

"2013 கலவரத்தில் தேக்கா இசைக்கருவிக் கடைகளை உடைத்துச் சூறையாடினார்கள், இரவில் குடும்பத்தோடு அங்கே போகாதீர்கள்" என்று ஒருவர் படத்தோடு எழுதியிருக்கிறார். இது தவறு. தயவுசெய்து இதைப் பகிராதீர்கள்.

2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், வெளிநாட்டு ஊழியர்களை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்தில் அடிபட்டு இந்திய ஊழியர் ஒருவர் இறந்தார். கூட்டத்தின் ஆத்திரம் அந்தப் பேருந்தின்மீதும், உதவிக்கு வந்த காவல்துறை, குடிமைத் தற்காப்புப் படை (தீயணைப்பு, ஆம்புலன்ஸ் சேவை) வாகனங்கள்மீதும்தான் பாய்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட வாகனங்கள் சேதமடைந்தன, ஐந்து தீக்கிரையாயின. அவர் இணைத்திருக்கும் படத்தில் எரிவதும் ஆம்புலன்ஸ்தான், கடை அல்ல. மிருதங்கமும் ஆர்மோனியமும் விற்கும் கேம்பல் லேன், சிராங்கூன் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிறது.

அந்த வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. காயமடைந்தவர்களில் பெரும்பாலோர் கடமையில் இருந்த அதிகாரிகள். ஆனால் செய்யாத கொள்ளையை ஊழியர்கள் தலையில் கட்டுவது அநியாயம். இரவில் அங்கே போகப் பயப்படவும் வேண்டாம்: 2015 முதல் இரவு 10.30க்குமேல் பொது இடத்தில் மது அருந்தவும் தடை இருக்கிறது. வாரக் கடைசியில் தேக்காவில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. வீணைக்குத் தந்தி வாங்க மகளோடு மாலையில் தாராளமாகப் போகலாம், நானும் போகிறேன்.