சிரித்தது நாம்தான்

ஞாயிற்றுக்கிழமை இங்கே மொரிஷியஸில் நம் கோவில் மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கு அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். கோபம் தணியட்டும் என்று பார்த்தேன், தணியவில்லை. நேற்று இரவு அந்தப் பிள்ளையின் அம்மா போன் செய்தார். அதற்குப் பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

திருக்குறள் ஒப்புவித்து முதல் பரிசு வாங்கிய பிள்ளைக்கு எட்டு வயது. பரிசு வாங்கி வந்தது அவள் டீச்சரான நான். ஒரு கதைப் புத்தகம், ஒரு பார்பி. இடுப்பும் தொடையும் நிறைவாக இருக்கிற பார்பி. வழக்கமான பார்பி உடுப்பு பெரும்பாலும் அதற்குப் பொருந்தாது என்பதால் இரண்டு இரவு உட்கார்ந்து அரக்கு நிறத்தில் ஒரு சின்னச் சேலையும் ரவிக்கையும் தைத்தேன். பிள்ளை மேடையிலேயே பெட்டியைத் திறந்தாள். பொம்மையை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். அப்போது மைக் வைத்திருந்த பெரியவர் இந்த ஊர்ப் பேச்சு மொழியான க்ரியோலில் கேட்டார்: "என்னம்மா, உன் பொம்மை ஏழு கறிச் சாப்பாட்டை ஒரு பிடி பிடிச்சிட்டு வந்திருக்கா?"

மண்டபமே சிரித்தது. வீடியோ அதோடு முடிகிறது. அதற்கு அப்புறம் நடந்தது வீடியோவில் இல்லை, அதனால் சொல்கிறேன். அவள் கையை இறக்கினாள். பொம்மையைப் பார்த்தாள். பிறகு மண்டபத்தைப் பார்த்தாள். பொம்மையைத் தலைகீழாகப் பைக்குள் போட்டு மூடிவிட்டாள்.

நேற்று அவள் அம்மா கேட்டது இதைத்தான்: "டீச்சர், கோவிச்சுக்காதீங்க, கடையில குடுத்து ஒல்லியான பொம்மையா மாத்திக்க முடியுமான்னு பிள்ளை கேக்கறா."

தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். பொம்மையை முதலில் அவள் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சிரித்தது அவள் இல்லை. சிரித்தது நாம்தான்.

வீடியோவுக்குக் கீழே வந்த பேச்சை எல்லாம் படித்தேன். "பிள்ளைகளுக்கே அந்த மாதிரிப் பொம்மை பிடிக்காது, டீச்சர் தன் கொள்கையைப் பிள்ளை தலையில் கட்டுகிறார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு நிறைய விருப்பக்குறி. அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். பார்பியை உருவாக்கிய நிறுவனம் 2016-இல் நெட்டை, குட்டை, நிறைவான உடல் என்று மூன்று புது உடல்களைக் கொண்டு வந்தது. மூன்று வயது முதல் பத்து வயது வரை உள்ள சிறுமிகளிடம் அந்தப் பொம்மைகளைக் காட்டி அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2019-இல் வெளிவந்தது. நிறைவான உடல் கொண்ட பொம்மையோடு விளையாடத்தான் சிறுமிகளுக்கு மிகக் குறைந்த ஆசை. ஒல்லியான பொம்மைகளுக்கு நல்ல குணத்தைச் சொன்னார்கள், இதற்குக் கெட்ட குணத்தைச் சொன்னார்கள்.

சரி. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரிந்தது? தாய் வயிற்றிலிருந்தே கற்றுக்கொண்டு வந்ததா? 1940-களில் கிளார்க் தம்பதியர், இருவருமே கறுப்பின உளவியலாளர்கள், கறுப்பினப் பிள்ளைகள் முன்னால் பொம்மைகளை வைத்தார்கள். நிறத்தைத் தவிர எல்லாம் ஒன்றுபோல இருக்கும் பொம்மைகள். எது நல்ல பொம்மை என்று கேட்டபோது பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு "பிள்ளைகளுக்கே கறுப்புப் பிடிக்காது" என்று யாராவது முடிவு கட்டினார்களா? இல்லை. பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று தீர்ப்புச் சொன்னபோது அந்த ஆய்வும் அதில் இடம்பெற்றது. நிறத்துக்குப் புரிகிற நியாயம் உடம்புக்கு மட்டும் ஏன் நமக்குப் புரியவில்லை?

மாறாகவும் நடந்திருக்கிறது. நிக்கோலாய் லாம் என்ற அமெரிக்க ஓவியர், 19 வயதுப் பெண்களின் சராசரி உடல் அளவை அரசுப் பதிவேட்டிலிருந்து எடுத்து 2014-இல் லாம்மிலி என்று ஒரு பொம்மை செய்தார். பருவும் தழும்பும் வேண்டுமானால் ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர் கூட உண்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்தபோது, இவள் சாதாரணப் பெண்ணைப் போல இருக்கிறாள், எங்கள் வீட்டு ஆளைப் போல இருக்கிறாள் என்று சொல்லி ஆசையாக வைத்துக்கொண்டார்கள். அது விளம்பரத்துக்கு எடுத்த படம் என்பீர்கள். இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் இல்லையே. முன்னூறு பேர் பார்க்க அவள் அதைத் தூக்கிக் காட்டினாளே.

"வெறும் பொம்மைக்கு இவ்வளவு பேச்சா?" வெறும் பொம்மையாக இருந்தால் நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள். மண்டபத்தில் சேலை கட்டி உட்கார்ந்திருந்த பெண்களில் பத்துக்கு எட்டுப் பேர் அந்தப் பொம்மையை விடப் பருமன். என்னையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தச் சிரிப்பு யார் மேல் விழுந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்களும் சேர்ந்து சிரித்தோமே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய பார்பியின் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைச் சந்தைக்கு அது வந்தது. ரூத் ஹேண்ட்லர் என்ற அம்மையார் தன் மகள் காகிதப் பொம்மைகளைப் பெரிய பெண்களாக நினைத்து விளையாடுவதைப் பார்த்து யோசித்த யோசனை. அதுவரை சிறுமிகளின் கையில் இருந்தது பெரும்பாலும் கைக்குழந்தைப் பொம்மைதான், அம்மாவாக நடிப்பதுதான் விளையாட்டு. வேலைக்குப் போகிற, தனக்கென்று வாழ்க்கை இருக்கிற பெண்ணாக நடிக்க ஒரு பொம்மை வேண்டும் என்று அவர் நினைத்தது நல்ல நினைப்புத்தான். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் உடம்பை எடுத்தது ஜெர்மனியில் பெரியவர்களுக்காக விற்ற லில்லி என்ற பொம்மையிலிருந்து. 1996-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். பார்பியின் உடல்வாகு ஒரு லட்சம் பெண்களில் ஒருத்திக்குக் கூட அமையாது. ஆண் பொம்மை கென்னின் உடல்வாகு ஐம்பது ஆண்களில் ஒருவருக்கு அமையும். ஆணுக்கு ஐம்பதில் ஒன்று, பெண்ணுக்கு லட்சத்தில் ஒன்று. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1965-இல் இரவு உடையோடு ஒரு பார்பி வந்தது. கூடவே ஒரு குட்டி எடை பார்க்கும் மெஷின். அதன் முள் 110 பவுண்டில், அதாவது ஏறக்குறைய 50 கிலோவில், அசையாமல் நிற்கும். எடையைக் குறைப்பது எப்படி என்று ஒரு குட்டிப் புத்தகமும் உண்டு. அதன் பின்னட்டையில் இருந்த புத்திமதி இவ்வளவுதான்: சாப்பிடாதே.

அந்த மெஷினைப் பற்றி முதலில் படித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும். ரோஸ் ஹில்லில் எங்கள் தெரு முனையில் சீனக் கடை. அரிசி மூட்டை நிறுக்கிற பெரிய தராசு வாசலிலேயே இருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாமா என்னைத் தூக்கி அதில் நிறுத்தினார். விளையாட்டுத்தான். கடையில் பாதித் தெரு நின்றுகொண்டிருந்தது. எடையை மாமா உரக்கப் படித்தார். அங்கிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், திங்கட்கிழமை பள்ளியில் என் பெயர் 'க்ரோ' ஆகிவிட்டது. க்ரியோல் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு: குண்டு. படிப்பு முடிகிற வரை அந்தப் பெயர்தான். மாமா நல்ல மனிதர், என் கல்யாணத்துக்கு ஓடியாடி வேலை செய்தவர். அவருக்கு அந்தச் சனிக்கிழமை நினைவு கூட இருந்திருக்காது. எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. இன்றைக்கும் டாக்டர் வீட்டில் எடை மெஷினில் ஏறும்போது பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

"சும்மா ஒரு ஜோக்" என்று எனக்கு எழுதியவர்களுக்கு இதுதான் என் பதில். மாமா செய்ததும் சும்மா ஒரு ஜோக்தான்.

அடுத்து சர்க்கரை நோய். இதைத்தான் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். "மொரிஷியஸில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை, நீங்கள் பருமனைக் கொண்டாடுகிறீர்களே" என்று. ஐயா, எனக்கு நீங்கள் இதைச் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பாவின் வலது கால் விரல்கள் அதில்தான் போயின. அப்புறம் கால் போனது. அப்புறம் அப்பாவே போனார். புண் வந்து மூன்று வாரம் யாரிடமும் காட்டவில்லை. ஏன் தெரியுமா? டாக்டர் உடம்பைப் பார்த்துத் திட்டுவார், நர்சுகள் சிரிப்பார்கள் என்ற பயம். கேலி யாரையும் இளைக்க வைக்காது. ஒளிந்து சாப்பிட வைக்கும், ஒளிந்து நோயை வளர்க்க வைக்கும். பிள்ளையை விளையாட அனுப்புங்கள், வெள்ளை ரொட்டியைக் குறையுங்கள், கோவிலில் பாட்டில் பாட்டிலாகக் கோலா வைக்காதீர்கள். நான் கமிட்டிக் கூட்டத்தில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன், அப்போது யாருக்கும் சர்க்கரை நோய் நினைவுக்கு வரவில்லை. ஒரு சாண் பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்ததும் வந்துவிட்டது.

பொம்மை பிள்ளையை மாற்றாது என்பவர்களும் ஒன்றைப் படிக்க வேண்டும். 2006-இல் இங்கிலாந்தில் 5 முதல் 8 வயது வரை உள்ள 162 சிறுமிகளிடம் செய்த ஆய்வு. சிலருக்குப் பார்பி படங்கள், சிலருக்கு எம்மே என்ற நிறைவான உடல் பொம்மையின் படங்கள், சிலருக்குப் பொம்மையே இல்லாத படங்கள். பார்பியைப் பார்த்த சின்னப் பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மேல் மதிப்புக் குறைந்தது, இன்னும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கூடியது. வெறும் படம் பார்த்ததற்கே இப்படி. 2021-இல் வந்த இன்னொரு ஆய்வு சின்னது, முப்பது பிள்ளைகள்தான், ஆனால் எனக்கு அதுதான் வலித்தது. மிக ஒல்லியான பொம்மையோடு சில நிமிடம் விளையாடிய சிறுமிகளின் மனதில் 'நல்ல உடம்பு' என்பதன் அளவு சுருங்கியது. பிறகு இயல்பான உடல் பொம்மையைக் கொடுத்தார்கள். சுருங்கியது உடனே விரியவில்லை. அதனால்தான் எட்டு வயதிலேயே கொடுக்க நினைத்தேன். அப்படியும் நான் பிந்திவிட்டேனோ என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன்.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஏன் விளம்பரம் என்று ஒருவர். நிறுவனம் நல்ல மனதால் அதைச் செய்யவில்லை, பார்பி விற்பனை சரிந்ததால் செய்தது, தெரியும். எனக்கு வேண்டியது பொம்மை. தமிழ்ப் பாட்டி செய்த நிறைவான துணிப் பொம்மை கடையில் கிடைத்தால் அதையே வாங்கித் தருவேன்.

நம் பிள்ளைகள் நாள் முழுக்க எதைக் கேட்டு வளர்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பரதநாட்டிய உடுப்புக்கு அளவு எடுக்கும்போது "இன்னும் ஒரு கெஜம் வேணும்போல". பிறந்த நாளில் கேக் ஊட்டிவிட்டு அதே வாயால் "போதும், கன்னத்தைப் பாரு". காவடிக்கு விரதம் இருந்த பெண்ணிடம் "பரவாயில்லையே, பத்து நாள்ல இளைச்சிட்டியே". முருகனுக்காக இருந்த விரதம் அது. கல்யாணப் பேச்சில் முதலில் நிறம், அப்புறம் உடம்பு, படிப்பு மூன்றாவது. என் தங்கைக்கு இரண்டு இடம் இப்படிக் கைவிட்டுப் போனது. அவள் இன்று பிரான்சில் இருக்கிறாள், ஊருக்கு வருகிறாள், கோவிலுக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறாள். காரணம் கேட்டால் "எல்லாரும் மேலும் கீழும் பாப்பாங்கக்கா" என்கிறாள். சாமி கும்பிட வருகிற இடத்தில் ஒரு பெண்ணுக்கு இந்தப் பயம் எதற்கு?

நான் பொம்மையில் ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன் என்று தெரிகிறது. ஆனால் எல்லாம் ஒரே சிரிப்புத்தான். சீனக் கடையில் கேட்ட அதே சிரிப்பு.

பொம்மையை மாற்றித் தருவதாக அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பிள்ளை விருப்பம் அதுவென்றால் அவள் மேல் இன்னொரு பாரம் ஏற்ற எனக்கு மனமில்லை. இந்தப் பொம்மையை நான் வகுப்பு அலமாரியில் வைக்கப் போகிறேன், அரக்குச் சேலையோடு, எல்லோரும் பார்க்கிற தட்டில்.

மைக் பிடித்த பெரியவருக்கு ஒரு வேண்டுகோள். "டீச்சர் மனம் புண்பட்டிருந்தால் வருத்தம்" என்று குழுவில் போட்டிருந்தீர்கள், பார்த்தேன். என்னிடம் வேண்டாம், அண்ணா. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் வகுப்புக்கு வருவாள், ஜன்னல் பக்கம் இரண்டாவது பெஞ்சு. அவளிடம் வந்து சொல்லுங்கள்.