40 சதவீதம் தானியம் அழுகிப்போகிறதா?

"இந்தியாவில் விளையும் நெல், கோதுமையில் 40 சதவீதம் கிடங்கில் அழுகிப்போகிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. லூதியானாவில் உள்ள அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனமான சிஃபெட் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, நெல்லில் இழப்பு 5.53 சதவீதம், கோதுமையில் 4.93. சீக்கிரம் கெட்டுப்போகும் கொய்யாவுக்கே 15.88தான், பட்டியலில் அதுதான் அதிகம்! நெல்லில் பெரும்பகுதி போவதும் கிடங்கில் அல்ல. அறுக்கும்போது கதிரிலிருந்து உதிர்வது, கதிரடிக்கும்போது வைக்கோலோடு போவது, களத்தில் சிந்துவது என்று முன்னாலேயே போய்விடுகிறது.

சரி, 5 சதவீதம் அற்பமா? தானியத்தோடு பழம், பால், மீன் எல்லாம் சேர்த்து அதே ஆய்வு கணக்கிட்ட ஆண்டு இழப்பு 92,651 கோடி ரூபாய். அப்புறம், ஈரத்தோடு மூட்டை கட்டிய தானியத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு உருவாகலாம். வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது.